கரண்ட் பில்: முள்ளோடைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்

என் வீடு கடலூர் மஞ்சக்குப்பத்தில். தங்கை வீடு புதுச்சேரியைச் சேர்ந்த அரியாங்குப்பத்தில். பஸ் ஏறினால் முக்கால் மணி நேரப் பயணம்கூட இல்லை. ஆனால் நடுவில் முள்ளோடை வருகிறது. அதைத் தாண்டினால் அரசு மாறுகிறது, பெட்ரோல் விலை மாறுகிறது, மின்சாரம் தருபவரும் மாறிவிடுகிறார். பெட்ரோல் போடுவதற்கென்றே எல்லை வரை போய்வருகிறவர்கள் எங்கள் தெருவில் உண்டு. மின்சாரத்தை அப்படிப் போய்ப் பிடித்துவர முடியாது என்பதால் எனக்கும் தங்கைக்கும் பொறாமைதான் மிச்சம். “உங்களுக்கென்ன அண்ணா, நூறு யூனிட் இலவசம்” என்பாள் அவள். “உனக்கென்ன, ஐந்நூறு யூனிட்டைத் தாண்டினாலும் தலையில் கல் விழாது” என்பேன் நான்.

போன பொங்கலுக்கு இங்கிலாந்தில் இருந்து வந்திருந்த சித்தப்பா மகன் இந்த வாக்குவாதத்தைக் கேட்டுவிட்டு, “பில் அதிகமென்றால் கம்பெனியை மாற்ற வேண்டியதுதானே?” என்றான். கேலியாகச் சொல்லவில்லை. அங்கே அது சாதாரணம்.

அங்கே மின்கம்பி ஒருவருடையது, மின்சாரத்தை விற்பவர் இன்னொருவர். ஒரே தெருவில் அடுத்தடுத்த வீடுகள் வெவ்வேறு கம்பெனிக்குப் பணம் கட்டலாம். மாற்றும்போது கம்பி மாறாது, பில்லின் தலைப்பில் இருக்கும் பெயரும் விலையும்தான் மாறும். செல்போன் எண்ணை வைத்துக்கொண்டே நாம் வேறு கம்பெனிக்குப் போகிறோமே, அதுபோல. 1999 முதல் அங்கே எல்லா வீடுகளுக்கும் இந்த உரிமை இருக்கிறது. ஒப்பிடும்போது அவர்கள் பார்ப்பது இரண்டு விலைகளை. ஒன்று, ஸ்விட்சைத் தொடாவிட்டாலும் நாள்தோறும் விழும் நிலைக்கட்டணம். மற்றொன்று, யூனிட் விலை. கொஞ்சமாகச் செலவழிக்கும் வீட்டுக்கு நிலைக்கட்டணம் குறைந்த கம்பெனி மலிவு. நிறையச் செலவழிக்கும் வீட்டுக்கு யூனிட் விலை குறைந்த கம்பெனி மலிவு. ஆகவே எல்லோருக்கும் மலிவான கம்பெனி என்று ஒன்று கிடையாது. ‘என் வீட்டில் எத்தனை யூனிட்?’ என்று தெரியாதவர் எதையும் ஒப்பிட முடியாது. தூரத்துச் சமாசாரமாக இருந்தாலும் நமக்கு வேண்டிய பாடம் இதில்தான் இருக்கிறது.

அந்த ஏற்பாடும் சொர்க்கமில்லை. 2021இல் எரிவாயு விலை எகிறியபோது, மலிவு விலை சொல்லி ஆள் பிடித்த கம்பெனிகள் இருபதுக்கும் மேல் அங்கே கடையை மூடின.

இங்கே ஏன் மாற்ற முடியாது? கடலூரில் எல்லோரும் இன்னும் மின்வாரியம் என்றே அழைக்கும் அரசு நிறுவனம் ஒன்றுதான் வீட்டுக்கு மின்சாரம் தருகிறது. புதுச்சேரியில் அரசின் மின்துறை. 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டம் விற்பவரைத் தேர்ந்தெடுக்க வழி திறந்தது உண்மைதான், ஆனால் அது பெரிய தொழிற்சாலைகளுக்கு. இந்தியாவில் சாதாரண வீட்டுக்காரர் இரண்டு விற்பனையாளர்களில் ஒருவரைத் தேர்வு செய்வதென்றால் மும்பையின் சில பகுதிகளைத்தான் சொல்ல வேண்டும். அங்கே டாடாவும் அதானியும் ஒரே பகுதியில் விற்கிறார்கள். ஒரே ஊரில் பலர் விற்க வகைசெய்யும் திருத்த மசோதா 2022 ஆகஸ்டில் மக்களவைக்கு வந்து நிலைக்குழுவுக்கு அனுப்பப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பர் இறுதியில், தனியார்மயத்தை எதிர்த்துப் புதுச்சேரி மின்துறை ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தது பலருக்கு நினைவிருக்கும்.

இதில் எனக்கு எப்போதும் ஒரு வேடிக்கை. எங்கள் மாவட்டத்து நெய்வேலியில் 1956இல் தொடங்கிய நிறுவனம் பழுப்பு நிலக்கரியை எரித்துப் பல மாநிலங்களுக்கு மின்சாரம் அனுப்புகிறது. புதுச்சேரிக்கும் அதில் பங்கு உண்டு. ஆலையின் புகைபோக்கியைப் பார்த்தபடி குடியிருப்பவருக்கு அங்கிருந்து நேராக ஒரு யூனிட் வாங்க வழியில்லை.

கம்பெனியை மாற்ற முடியாவிட்டால் போகட்டும். ஒப்பிடுவதை யாரும் தடுக்கவில்லை. தங்கையின் பில்லையும் என் பில்லையும் ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் பக்கம் பக்கமாக வைத்தோம்.

யூனிட், படி, பள்ளம்

முதலில் யூனிட். ஆயிரம் வாட் கருவி ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். ஒரு குதிரைத்திறன் தண்ணீர் மோட்டார் 746 வாட். நடைமுறையில் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய ஒரு யூனிட் என்றே வைத்துக்கொள்ளலாம். 75 வாட் மின்விசிறி ஒரு யூனிட்டைத் தின்ன பதின்மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

யூனிட்டுக்கு ஒரே விலை கிடையாது. மாடிப்படி போல ஏறிக்கொண்டே போகும். இதைத்தான் ஸ்லாப் என்கிறோம். கடலூரில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை ரீடிங். 2024 ஜூலை உயர்வுக்குப் பிறகு வீட்டுக்காரர் கட்டிய விலை இது: முதல் 100 யூனிட் இலவசம் (இது 2016 முதல்), அடுத்த நூறு 2.35 ரூபாய், 201 முதல் 400 வரை 4.70, 401 முதல் 500 வரை 6.30. ஐந்நூறு யூனிட்டுக்குக் கூட்டினால் 1,805 ரூபாய்.

ஐந்நூற்றைத் தாண்டினால் வேறு அட்டவணை. 101இல் இருந்தே 4.70 தொடங்கிவிடும். அந்த 2.35 சலுகை பறிபோகும். 501 முதல் 600 வரை 8.40, 800 வரை 9.45, ஆயிரம் வரை 10.50, அதற்கு மேல் 11.55. ஆக 501 யூனிட்டுக்குப் பில் 2,048 ரூபாய் 40 காசு. ஒரே ஒரு யூனிட் கூடினால் 243 ரூபாய் எகிறுகிறது. படிக்கட்டின் நடுவே ஒரு பள்ளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2022 செப்டம்பருக்கு முன் இந்தப் பள்ளம் இன்னும் ஆழம். அப்போது ஐந்நூறுக்கு 1,130 ரூபாய், ஐந்நூற்று ஒன்றுக்கு 1,786.

புதுச்சேரியில் மாதாமாதம் ரீடிங். 2024-25ஆம் ஆண்டுக்கு இணை மின்சார ஒழுங்குமுறை ஆணையம் அறிவித்தபடி முதல் நூறு யூனிட் 2.70 ரூபாய், அடுத்த நூறு 4, அதற்கடுத்த நூறு 6, முந்நூறுக்கு மேல் 7.50. இலவசம் இல்லை, பள்ளமும் இல்லை. எத்தனை யூனிட் போனாலும் கீழ்ப்படிகளின் விலை அப்படியே இருக்கும். இதன்மேல் நிலைக்கட்டணமும் சில்லறைச் சேர்க்கைகளும் உண்டு. அரசு மானியம் தந்தால் அது கழியும். நாங்கள் யூனிட் விலையை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

இரண்டு மாதத்துக்கு 200 யூனிட் செலவழிக்கும் வீடென்றால் கடலூரில் 235 ரூபாய், புதுச்சேரியில் 540. தங்கை சொன்னது சரி. 500 யூனிட்டுக்கு இங்கே 1,805, அங்கே 1,940, கிட்டத்தட்டச் சமம். 800 யூனிட்டுக்கு இங்கே 4,770, அங்கே 4,040. நான் சொன்னதும் சரி. சிறிய வீட்டுக்கு முள்ளோடைக்கு இந்தப் பக்கம் மலிவு, ஏ.சி. ஓடும் வீட்டுக்கு அந்தப் பக்கம் மலிவு. இருவர் சொன்னதும் சரியாகப் போனதால் அன்றைக்குச் சண்டை சுவாரசியம் இழந்தது.

ரீடிங் இடைவெளியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். மாதாமாதம் ரீடிங் எடுத்தால் தானாகப் பில் குறையும் என்று கடலூரில் பலர் நம்புகிறார்கள். படிகளின் அளவையும் பாதியாக்கிவிட்டால் குறையாது. தங்கை வீட்டில் ஒரு மே மாதம் 400 யூனிட்டும் அடுத்த மாதம் ஊருக்குப் போனதால் 100 யூனிட்டும் ஆயின என்று வையுங்கள். 2,020ஐயும் 270ஐயும் கூட்டினால் 2,290. அதே ஐந்நூறைச் சமமாகப் பிரித்திருந்தால் 1,940தான். இரண்டு மாத ரீடிங், கூடிய மாதத்தையும் குறைந்த மாதத்தையும் கலந்து சமன் செய்துவிடுகிறது.

கடைசி யூனிட்டின் விலை

பில் தொகையை யூனிட்டால் வகுத்து, ‘யூனிட்டுக்கு மூன்றரை ரூபாய் ஆகிறது’ என்று சொல்பவர்கள் உண்டு. அந்த எண்ணால் ஒரு பயனும் இல்லை. நீங்கள் ஒரு விளக்கை அணைக்கும்போது மிச்சமாவது சராசரி யூனிட் அல்ல, பட்டியலின் உச்சியில் இருக்கும் கடைசி யூனிட். அது எந்தப் படியில் நிற்கிறதோ அந்த விலைதான் உங்கள் மின்சாரத்தின் உண்மையான விலை. வேறு எதை வாங்கலாமா என்று ஒப்பிடும்போதும் அதைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இதை நான் காசு கொடுத்துக் கற்றுக்கொண்டேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன், ரீடிங்குக்கு நான்கு நாள் இருக்கும்போது, மோட்டாரைப் போட்டுவிட்டு ஒரு கல்யாண வரவேற்புக்குப் போய்விட்டோம். திரும்பி வரும்போது மாடியிலிருந்து தண்ணீர் அருவியாகக் கொட்டி வாசல் கோலம் முழுவதும் கரைந்திருந்தது. அந்த முறை வெள்ளை அட்டையில் 512 என்று எழுதினார் கணக்கீட்டாளர். மேலே சொன்ன விலையில் 512 யூனிட்டுக்கு 2,141 ரூபாய். ஐந்நூறோடு நின்றிருந்தால் 1,805. அந்தப் பன்னிரண்டு யூனிட்டும் ஒவ்வொன்று 28 ரூபாய். மோட்டார் மறதி மட்டும் இல்லாவிட்டால் தாண்டியிருக்காது என்று சத்தியம் செய்ய மாட்டேன், ஆனால் மீட்டரைப் பார்த்திருந்தால் அந்த நான்கு நாளும் கவனமாக இருந்திருப்பேன்.

அதற்குப் பிறகு ஒரு பழக்கம் வந்துவிட்டது. போன ரீடிங் தேதியில் இருந்து நாற்பத்தைந்தாவது நாள் மீட்டரைப் போய்ப் பார்ப்பேன். டிஜிட்டல் மீட்டரில் எண்கள் மாறி மாறி ஓடும். தேதி வரும், நேரம் வரும், வோல்ட் வரும். பக்கத்தில் கே.டபிள்யூ.எச். என்று காட்டும் எண்தான் யூனிட். அட்டையில் உள்ள போன ரீடிங்கை அதிலிருந்து கழித்தால் இதுவரை ஆனது. முக்கால் பங்கு நாள் முடிந்திருக்கிறது என்றால் 375க்குள் இருக்க வேண்டும். 390 என்றால் இஸ்திரியைத் தள்ளிப்போடுகிறேன். 430 என்றால் ஐந்நூறைக் காப்பாற்றுவது கடினம், ஒவ்வொரு யூனிட்டும் 8.40 என்று நினைத்துக்கொண்டு நடந்துகொள்கிறேன். புதுச்சேரிக்காரர்களுக்கு இந்தக் காவல் தேவையில்லை. அவர்கள் 200, 300 என்ற படிகளைத் தெரிந்து வைத்திருந்தால் போதும்.

அடுப்படியில் இரண்டு கம்பெனிகள்

சித்தப்பா மகன் சொன்ன ‘மாற்றுதல்’ நமக்கும் ஓரிடத்தில் உண்டு. சமையலறையில் வெப்பத்தை விற்க இரண்டு பேர் நிற்கிறார்கள். ஒருவர் சிலிண்டர், மற்றவர் இண்டக்‌ஷன் அடுப்பு. யாரிடம் வாங்குவது என்பது நம் கையில்தான் இருக்கிறது.

14.2 கிலோ சிலிண்டரில் இருக்கும் வெப்பத்தை மின்சாரக் கணக்கில் சொன்னால் ஏறத்தாழ 180 யூனிட். ஆனால் கேஸ் அடுப்பின் சூட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பாத்திரத்தின் ஓரமாக ஓடிவிடுகிறது. அடுப்பருகே நின்றால் நமக்கு வேர்ப்பது அதனால்தான். இண்டக்‌ஷன் பாத்திரத்தையே சூடாக்குவதால் வீணாவது குறைவு. இரண்டையும் கணக்கிட்டால், ஒரு சிலிண்டர் செய்யும் வேலையை இண்டக்‌ஷன் சுமார் 140 யூனிட்டில் செய்துவிடும். சிலிண்டர் 880 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அதை 140ஆல் வகுத்தால் ஏறக்குறைய 6.30 ரூபாய். உங்கள் கடைசி யூனிட் அதற்குக் கீழே என்றால் மின்சாரம் மலிவு, மேலே என்றால் கேஸ் மலிவு. சிலிண்டர் விலை மாறினால் மறுபடி 140ஆல் வகுத்துக்கொள்ளுங்கள்.

கடலூரில் இரண்டு வீடுகளை எடுத்துக்கொள்வோம். இரண்டிலும் இரண்டு மாதத்துக்கு ஒரு சிலிண்டர். முதல் வீட்டில் மின்சாரம் 250 யூனிட், பில் 470 ரூபாய். முழுச் சமையலையும் இண்டக்‌ஷனுக்கு மாற்றினால் 390 யூனிட், பில் 1,128. கூடியது 658, மிச்சமானது 880 ரூபாய் சிலிண்டர். லாபம். இரண்டாவது வீட்டில் 400 யூனிட், பில் 1,175. அவர்களும் மாற்றினால் 540 யூனிட், பள்ளத்தில் விழுந்து பில் 2,376. கூடியது 1,201. சிலிண்டரை மிச்சம்பிடிக்கப் போய் முந்நூறு ரூபாய்க்கு மேல் நஷ்டம். ஒரே ஊர், ஒரே அடுப்பு, நேர்மாறான விடை. ‘இண்டக்‌ஷன் லாபமா நஷ்டமா?’ என்று பொதுவாகக் கேட்பவரிடம் நான் திருப்பிக் கேட்பது, ‘உங்கள் அட்டையில் போன முறை எத்தனை யூனிட்?’ என்பதுதான்.

பாதிக்குப் பாதி மாற்றுவதும் உண்டு. பால் காய்ச்சுவது, வெந்நீர், குக்கர் மட்டும் இண்டக்‌ஷனில் வைப்பார்கள். காந்தம் ஒட்டும் பாத்திரம்தான் அதில் வேலை செய்யும். வீட்டில் இருக்கும் அலுமினியக் குண்டானும் மீன் குழம்பு மண்சட்டியும் கேஸில்தான் ஏற வேண்டும். எங்கள் வீட்டில் மண்சட்டியை விட்டுக்கொடுக்க யாரும் தயாராக இல்லாததால் முழு மாற்றம் பற்றிய பேச்சே எழவில்லை.

மற்றக் கருவிகளில் இந்த ஊருக்கு முக்கியமானது மின்விசிறி. கடற்கரைப் புழுக்கத்தில் தை, மாசி தவிர அது நிற்பதே இல்லை. பழைய விசிறி 75 வாட். பி.எல்.டி.சி. மோட்டார் வைத்த புதியது 30 வாட் அளவில் அதே காற்றைத் தரும். நாளைக்கு 16 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் ஒரு விசிறிக்கு 43 யூனிட் மிச்சம். மேலே சொன்ன 540 யூனிட் வீடு இரண்டு விசிறிகளை மாற்றினால் 454க்கு இறங்கும். பில் 2,376இல் இருந்து 1,515. புது விசிறிகளின் விலை ஏறக்குறைய ஓராண்டில் திரும்பிவிடும். 200 யூனிட் வீட்டில் அதே மாற்றம் செய்தால் மிச்சமாவது யூனிட்டுக்கு 2.35. அங்கே அவசரமே இல்லை, பழையது கெட்டுப்போகும்போது மாற்றினால் போதும்.

ஃபிரிட்ஜ், ஏ.சி. வாங்கும்போது நட்சத்திரத்தை எண்ணுவதோடு நிறுத்தாதீர்கள். அந்த லேபிளிலேயே ஆண்டுக்கு எத்தனை யூனிட் என்று அச்சிட்டிருக்கும். இரண்டு மாடல்களின் எண்களைக் கழித்து, உங்கள் கடைசி யூனிட் விலையால் பெருக்கினால், கூடுதல் விலை கொடுக்கலாமா என்பது கடையில் நின்றபடியே தெரிந்துவிடும். விற்பவரின் பேச்சைவிட அது வேகமானது.

வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு சிக்கல். வீட்டுக்காரரும் குடித்தனமும் ஒரே மீட்டரில் இருந்தால் இருவர் யூனிட்டும் சேர்ந்து மேல்படிக்கு ஏறிவிடும். தனித்தனியாக 300 யூனிட் என்றால் ஆளுக்கு 705 ரூபாய். சேர்ந்து 600 என்றால் 2,880, அதாவது இரண்டு மடங்குக்கும் மேல். வீடு பார்க்கப் போகும்போது குடிநீரைப் பற்றிக் கேட்பதற்கு முன் ‘மீட்டர் தனியா?’ என்று கேளுங்கள்.

இன்னொரு விற்பனையாளர் மொட்டை மாடியில் இருக்கிறார். 2024இல் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் ஒரு கிலோவாட் சூரியத் தகடுக்கு 30,000 ரூபாய், இரண்டுக்கு 60,000, மூன்றும் அதற்கு மேலும் என்றால் 78,000 ரூபாய் மானியம். நம் பக்கத்து வெயிலில் ஒரு கிலோவாட் நாளுக்குச் சராசரியாக நான்கு யூனிட் தரும், இரண்டு மாதத்துக்கு 240. அது முதலில் குறைப்பது உச்சியில் இருக்கும் விலையுயர்ந்த யூனிட்களைத்தான். எனவே 800 யூனிட் வீட்டுக்கு அது நல்ல வியாபாரம், 200 யூனிட் வீட்டுக்கு வெட்டிச் செலவு. பாட்டரி இல்லாத சாதாரண அமைப்பு, கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்யும் லைன்மேனுக்கு ஷாக் அடிக்காமல் இருக்க அப்படி வைத்திருக்கிறார்கள். இது தெரியாமல் வாங்கிவிட்டு முதல் மின்வெட்டில் ஏமாந்தவர்கள் உண்டு.

தகடு வைக்கிறவரிடம் கடலூர்க்காரர் கூடுதலாகக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. 2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையேதான் கரையேறியது. பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன, மின்கம்பங்கள் வரிசையாகப் படுத்தன. என் மாடியில் தகடு வைக்கலாமா என்று பார்க்க வந்த இளைஞர் யூனிட் கணக்கையெல்லாம் மளமளவென்று சொன்னார். “தம்பி, தாங்கியை எதில் பிடிப்பீர்கள்? தரைக் கான்கிரீட்டிலா, சுற்றுச்சுவரிலா?” என்று கேட்டேன். “சுற்றுச்சுவர் போதும் சார்” என்றார். அந்தச் சுவரின் ஒரு மூலை அந்தப் புயலில் இடிந்து மறுபடி கட்டியது. வேறொருவரிடம் விலை கேட்டிருக்கிறேன்.